ஏபி மதிப்பெண் அனுப்பும் சேவை: 15 டாலர் எங்கே தேவை, எங்கே தண்டம்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான். அக்டோபர் கடைசி. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் பாதி நிரம்பியிருக்கிறது. நவம்பர் 1 கெடு நெருங்க நெருங்கப் பதற்றம் கூடுகிறது. யாரோ ஒருவர் "ஏபி ஸ்கோர் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார் (ஏபி என்பது பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படித்து எழுதும் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை). உடனே ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தைத் திறந்து, பன்னிரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, 180 டாலரைக் கட்டிவிடுகிறார்கள். அந்த 180 டாலரில் அநேகமாக ஒரு டாலர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

சேவை மோசம் என்று சொல்லவில்லை. மதிப்பெண் ஒழுங்காகத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அது விண்ணப்பத்துக்கான சேவை அல்ல. கல்லூரியில் சேர்ந்த பிறகு கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தை அங்கே முடித்ததாகக் கணக்கு, வாங்குவதற்கான சேவை. இந்த வேறுபாட்டைத் தளம் எடுப்பாகச் சொல்வதில்லை, நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டண அமைப்பு எளிது. ஏபி தேர்வு எழுதும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல்லூரிக்கோ உதவித்தொகை அமைப்புக்கோ ஒரு ரிப்போர்ட் இலவசம். யாருக்கு என்பதை ஜூன் 20ஆம் தேதிக்குள் 'மை ஏபி' பக்கத்தில் குறித்துவிட வேண்டும். அந்தத் தேதி வரை பெயரை மாற்றிக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் விட்டால் அடுத்த ஆண்டுக்கு அது சேராது. அந்த ஒன்றுக்கு மேலோ, ஜூன் 20 தாண்டியோ அனுப்பினால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 15 டாலர், விரைவு வழி 25 டாலர். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான கல்லூரிகள் சேர்க்கை முடிவுக்கு மாணவர் தானே எழுதித் தரும் ஏபி மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கின்றன. காமன் ஆப்பில் இதற்கு 'டெஸ்டிங்' என்ற பகுதி இருக்கிறது. மதிப்பெண்ணை நீங்களே தெரிவிக்க விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னால் தேர்வுகளின் பட்டியல் வரும். அதில் ஏபியைத் தேர்ந்தெடுத்தால், இனி எழுதப்போகிறவற்றையும் சேர்த்து எத்தனை தேர்வைத் தெரிவிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கும். முடிந்த ஒவ்வொரு தேர்வுக்கும் தேதி, பாடம், மதிப்பெண். 12ஆம் வகுப்பில் எழுதப்போகும் தேர்வுகளுக்கு வரும் மே மாதத் தேதியும் பாடமும் போதும். செலவு பூஜ்யம். எதை எழுதுவது, எதை விடுவது என்பதும் நம் கையில்.

நிரப்பும்போது தவறுவது பெரும்பாலும் பாடப் பெயரில்தான். கால்குலஸ் பிசி (BC) எழுதியவருக்கு ரிப்போர்ட்டில் ஏபி (AB) என்ற உட்பிரிவு மதிப்பெண்ணும் சேர்ந்து வரும். அதைத் தனியாகக் கால்குலஸ் ஏபி (AB) எழுதியதாகப் போட்டுவிடுகிறார்கள். எழுதாத தேர்வை எழுதியதாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும், போடக் கூடாது. மியூசிக் தியரியின் உட்பிரிவு மதிப்பெண்களும் அப்படியே. இதற்கு நேர் எதிராக, பிசிக்ஸ் சி என்பது உண்மையிலேயே இரண்டு தேர்வு: மெக்கானிக்ஸ் ஒன்று, மின்சாரமும் காந்தமும் இன்னொன்று. அவற்றை இரண்டு வரியாகத்தான் போட வேண்டும். ஸ்பானிஷ் மொழி வேறு, ஸ்பானிஷ் இலக்கியம் வேறு. கீழிறங்கும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் விரல் நழுவுகிறது. ரிப்போர்ட்டின் பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டு நிரப்பினால் பத்து நிமிட வேலை. நினைவிலிருந்து நிரப்புவது வேண்டாம். சேர்ந்த பிறகு அதிகாரபூர்வ ரிப்போர்ட் வரும்போது எண் பொருந்தவில்லை என்றால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறக் கல்லூரிக்கு உரிமை உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் காமன் ஆப் கிடையாது, அதற்குத் தனி விண்ணப்பம். அங்கேயும் ஏபி மதிப்பெண்ணை நாமே எழுதுகிறோம். அதிகாரபூர்வ ரிப்போர்ட்டை இடம் கிடைத்து, எந்த வளாகம் என்று முடிவான பிறகு, சேரும் ஆண்டின் ஜூலை 15க்குள் அந்த வளாகத்துக்கு மட்டும் அனுப்பினால் போதும். ஒன்பது வளாகத்துக்கும் முன்கூட்டியே 15 டாலர் கட்டுவது வீண்.

எந்த மதிப்பெண்ணை எழுதுவது? 5ஐயும் 4ஐயும் யோசிக்காமல் எழுதலாம். 3 இடத்தைப் பொறுத்தது. 3க்குக் கிரெடிட் தரும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அது நல்ல மதிப்பெண். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 முதல் கிரெடிட் தருகிறது, இல்லினாய் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் சட்டப்படி அப்படியே. நூற்றில் ஐந்து பேரை மட்டும் எடுக்கும் தனியார் கல்லூரிகளில் 3 உதவாது. சேரப்போகும் துறையோடு தொடர்புள்ள பாடம் என்றால் எழுதாமல் விடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. பொறியியலுக்கு விண்ணப்பிக்கிறவர் கலை வரலாற்றில் வாங்கிய 3ஐ எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. 1, 2 வேண்டாம். ஒரு சங்கடம் மட்டும் இருக்கிறது: பாடம் எடுத்தது பள்ளியின் மதிப்பெண் பட்டியலில் தெரியும். பக்கத்தில் தேர்வு மதிப்பெண் இல்லை என்றால் படிப்பவர் ஊகிக்கலாம். ஊகத்தை எழுத்தில் உறுதிப்படுத்தித் தர வேண்டியதில்லை. இன்னொன்று, சில பள்ளிகள் ஏபி மதிப்பெண்ணையும் தங்கள் பட்டியலிலேயே அச்சிட்டுவிடுகின்றன. நீங்கள் மறைத்தும் பயனில்லாமல் போகும். பள்ளி ஆலோசகரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்படிப் பொறுக்கியெடுத்துச் சொல்லும் உரிமை எல்லா இடத்திலும் இல்லை. யேல் 2024 பிப்ரவரியில் அறிவித்த முறைப்படி, கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளான எஸ்ஏடி அல்லது ஏசிடிக்குப் பதிலாக ஏபி அல்லது ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) மதிப்பெண்ணைக் கொடுத்தே தேர்வு நிபந்தனையை நிறைவேற்றலாம். ஆனால் ஏபி வழியைப் பிடித்தால் விண்ணப்பிக்கும் முன் எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களையும் தர வேண்டும். ஐந்து தேர்வில் நான்கு 5, ஒன்று 2 என்றால் அந்த 2ம் போகும். எஸ்ஏடி கையில் இருப்பவர் அந்த வழியில் போய், ஏபியைப் பொறுக்கியெடுத்துச் சொல்லலாம். ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுக் கொள்கைப் பக்கத்தையும் அதே ஆண்டில் படியுங்கள். அண்ணன் விண்ணப்பித்தபோது இருந்த விதி தங்கைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, கட்டண ரிப்போர்ட்டின் பெரிய குறை. காலேஜ் போர்டு அனுப்பும் ரிப்போர்ட்டில் அதுவரை எழுதிய அத்தனை ஏபி மதிப்பெண்களும் இருக்கும். 10ஆம் வகுப்பில் உலக வரலாற்றில் வாங்கிய 2, 11ஆம் வகுப்பில் வேதியியலில் வாங்கிய 5, இரண்டும் ஒரே தாளில். இதை அனுப்பு, அதை விடு என்று பொத்தானில் தேர்ந்தெடுக்க முடியாது. காசில்லாமல் காமன் ஆப்பில் கிடைக்கும் உரிமையை 15 டாலர் கட்டி இழக்கிறோம். ஒரு மதிப்பெண்ணை மறைக்க வேண்டுமானால் கையொப்பமிட்ட கோரிக்கை தர வேண்டும். ஒரு மதிப்பெண்ணை ஒரு கல்லூரியிடமிருந்து மறைக்க 10 டாலர். இரண்டு மதிப்பெண்ணை மூன்று கல்லூரியிடமிருந்து மறைக்க 60. அடியோடு ரத்து செய்ய கட்டணம் இல்லை. ஆனால் ரத்து செய்தால் அது நிரந்தரம், தேர்வுக் கட்டணமும் திரும்ப வராது. பிற்பாடு சேரும் கல்லூரி அந்த மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதாக இருந்தாலும் மீட்க வழியில்லை. ரத்தை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இதில் வேடிக்கை தேதியில் இருக்கிறது. அந்த ஆண்டின் இலவச ரிப்போர்ட்டில் ஒரு மதிப்பெண் இடம்பெறாமல் இருக்க, மறைக்கும் கோரிக்கை ஜூன் 15க்குள் போய்ச் சேர வேண்டும். மதிப்பெண் வெளியாவதோ ஜூலையில். என்ன வந்திருக்கிறது என்று தெரியுமுன் மறைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொல்கிறார்கள். இதனால்தான் 10, 11ஆம் வகுப்பில் இலவச ரிப்போர்ட்டைக் 'கனவுக் கல்லூரிக்கு' அனுப்புவது நல்ல யோசனை இல்லை என்கிறோம். இலவசமாயிற்றே என்று ஒரு பெயரைக் குறித்து வைக்கிறார்கள். பார்க்காத மதிப்பெண் நேராக அங்கே போகிறது. விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருடம் முன்பே போகும் அந்த ரிப்போர்ட்டால் லாபம் எதுவும் இல்லை. இடத்தைக் காலியாக விட்டுவிடலாம்.

அதே இலவச ரிப்போர்ட் 12ஆம் வகுப்பில் தங்கம். மே 1ஆம் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவாகி முன்பணம் கட்டியாகிவிடுகிறது. மே மாதம் தேர்வு. ஜூன் 20க்குள் 'மை ஏபி'யில் சேரப்போகும் கல்லூரியின் பெயரைக் குறித்தால், ஜூலையில் புதிய மதிப்பெண்ணோடு முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண் எல்லாம் சேர்ந்து ஒரே ரிப்போர்ட்டாகப் போய்விடும். முன்பு குறையாகத் தெரிந்த 'எல்லாம் சேர்ந்து போவது' இங்கே வசதி. இடம் கிடைத்துவிட்டது, 2 இருந்தாலும் பாதகமில்லை. கிரெடிட்டுக்குத் தகுதியானதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கல்லூரி ஒதுக்கிவிடும். விண்ணப்பத்தில் தானே எழுதுவது, 12ஆம் வகுப்பு முடிவில் ஒரு இலவச ரிப்போர்ட்: இந்த வழியில் போகிற குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் மொத்தச் செலவு பூஜ்யம். ஏபியின் 1 முதல் 5 அளவுகோலிலேயே சொன்னால் இந்த இலவச ரிப்போர்ட்டுக்கு 5 தரலாம்.

15 டாலர் கட்ட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. 12ஆம் வகுப்பில் ஏபி தேர்வே எழுதாதவருக்கு அந்த ஆண்டு இலவச ரிப்போர்ட் கிடையாது. 11ஆம் வகுப்பு மதிப்பெண்ணைக் கல்லூரிக்குச் சேர்க்கப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஜூன் கடைசியில் இடம் வந்து கல்லூரி மாறினால், இலவசம் பழைய கல்லூரிக்குப் போயிருக்கும். இரண்டாண்டு கல்லூரியிலிருந்து நான்காண்டு கல்லூரிக்கு மாறுபவர் புதிய இடத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பழைய கல்லூரியின் பட்டியலில் ஏபி கிரெடிட் இருக்கிறதே என்று புதிய கல்லூரி அதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. அரிதாகச் சில கல்லூரிகளும் உதவித்தொகைகளும் விண்ணப்பத்தோடே அதிகாரபூர்வ ரிப்போர்ட் கேட்பதுண்டு.

அதிகம் பேசப்படாத சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது: ஜூன் மாத அறிமுக முகாம். பல பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் ஜூனிலேயே முதல் பருவ வகுப்புகளைப் பதிவு செய்துவிடுகிறார்கள். இலவச ரிப்போர்ட் ஜூலையில்தான் போகும். 11ஆம் வகுப்பில் கால்குலஸ் ஏபியில் (AB) 5 வாங்கியவர் இரண்டாம் கால்குலஸ் வகுப்பில் நேராகச் சேர முயன்றால், பதிவு அமைப்பில் முன்தகுதி இல்லை என்று தடுத்துவிடும். ஆலோசகரிடம் பிடிஎஃப்பைக் காட்டினால் சில இடங்களில் கையால் திறந்துவிடுவார்கள், சில இடங்களில் மாட்டார்கள். ஏப்ரல் அல்லது மே மாதத்திலேயே கல்லூரியைக் கேட்டு, கட்டாயம் என்றால் பழைய மதிப்பெண்ணுக்கு 15 டாலர் கட்டி அனுப்பிவிடுவது, நிரம்பிய வகுப்புக்குக் காத்திருப்பதைவிட மலிவு. புதிய மதிப்பெண் இலவசத்தில் பிறகு போகட்டும்.

25 டாலர் விரைவு வழிக்கு 1 மதிப்பெண். ஜூலைக்கு முன் கட்டினாலும் வெளியாகாத மதிப்பெண் வெளியாகிவிடாது. அது சுருக்குவது காலேஜ் போர்டு பக்கத்து நாள்களை மட்டும். கல்லூரி அதை வாங்கி, மாணவரின் கோப்போடு பொருத்தி, கிரெடிட்டாக மாற்ற எடுக்கும் நாள்கள் அப்படியேதான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் எல்லாருடைய ரிப்போர்ட்டும் ஒரே நேரத்தில் குவியும்போது அந்தப் பக்கத்து வரிசைதான் நீளம். கூடுதல் 10 டாலரை மிச்சம் பிடிக்கலாம்.

தளத்தைப் பொறுத்தவரை வாங்கும் பாதை குழப்பமில்லை. குழப்பம் கணக்கில்தான். மாணவர் 9ஆம் வகுப்பில் பள்ளி மின்னஞ்சலில் கணக்கு திறந்திருப்பார். பட்டம் பெற்றதும் பள்ளி அந்த மின்னஞ்சலை மூடிவிடும். ஜூலையில் கடவுச்சொல் மறந்தால் மாற்றும் இணைப்பு திறக்க முடியாத பெட்டிக்குப் போகும். 12ஆம் வகுப்பு முடியுமுன் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, இரட்டைக் கணக்கு. வேறு பள்ளியில் தேர்வு மட்டும் எழுதப் போகிறவர் அங்கே தரும் சேர்க்கைக் குறியீட்டைப் போடும்போது புதிதாகக் கணக்கு திறந்துவிடுகிறார். மதிப்பெண் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ரிப்போர்ட் அனுப்பினால் பாதிதான் போகும். நம்மவர் வீடுகளில் பெயர் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஓரிடத்தில் அப்பாவின் முழுப் பெயர் கடைசிப் பெயராக, இன்னோரிடத்தில் இன்ஷியல் மட்டும், கல்லூரி விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால்தான் கல்லூரியின் கணினி ரிப்போர்ட்டைச் சரியான கோப்பில் சேர்க்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே போடுங்கள். இரட்டைக் கணக்கை மாணவர் தானே இணைக்க முடியாது, வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு இணைக்கச் சொல்ல வேண்டும். அதை ஜூலை நெரிசலுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் நகரத்தையும் மாநிலத்தையும் பாருங்கள். மயாமி பல்கலைக்கழகம் என்று நினைத்து ஃப்ளோரிடாவில் உள்ளதற்குப் பதில் ஒஹையோவில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது எளிது. கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில், கார்னெல் கல்லூரி அயோவாவில். வாஷிங்டன் பெயரில் செயின்ட் லூயிசில் ஒன்று, சியாட்டிலில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கக் குறியீடு உண்டு: பெர்க்லி 4833, யுசிஎல்ஏ 4837. கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் உள்ள குறியீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எஸ்ஏடி மதிப்பெண்ணை அனுப்பினால் ஏபியும் கூடவே போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறு. ஒரே நிறுவனம், ஒரே கணக்கு, ஆனால் இரண்டு தனித்தனி ஆர்டர்.

ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததாலேயே கிரெடிட் விழுந்துவிடாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் தானே உள்ளே போய்க் கிரெடிட்டைக் கோர வேண்டும். கோராமல் விடவும் உரிமை உண்டு. எம்ஐடியில் 5 இருந்தால்தான் பேச்சு, கால்குலஸ் பிசியில் 5 என்றால் முதல் கால்குலஸ் வகுப்பான 18.01க்குக் கிரெடிட். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. டார்ட்மத் 2018இல் பட்டம் பெற்ற வகுப்பிலிருந்து பட்டத்துக்கான கிரெடிட்டை நிறுத்திவிட்டது, மேல்நிலை வகுப்பில் நேரடியாகச் சேர மட்டும் மதிப்பெண் உதவும். காலேஜ் போர்டு தளத்தில் கல்லூரி வாரியாகக் கிரெடிட் கொள்கையைத் தேடும் வசதி இருக்கிறது. முதல் பார்வைக்கு நல்லது, கடைசி வார்த்தை கல்லூரிப் பதிவாளர் பக்கத்தில் உள்ளதுதான். மருத்துவப் படிப்பை மனத்தில் வைத்திருப்பவர் உயிரியல், வேதியியல் கிரெடிட்டை எடுக்குமுன் யோசிக்கட்டும். பல மருத்துவக் கல்லூரிகள் அந்தப் பாடங்களைக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும் என்கின்றன.

அனுப்பியும் கல்லூரி போர்ட்டலில் 'பெறப்படவில்லை' என்றே நின்றால் உடனே இன்னொரு 15 டாலர் கட்டாதீர்கள். முதலில் காலேஜ் போர்டு கணக்கில் அந்த ஆர்டரின் நிலையைப் பாருங்கள். அனுப்பியாயிற்று என்று இருந்தால், அந்தத் தேதியையும் ஏபி ஐடியையும் மாணவர் எண்ணையும் ஒரே மின்னஞ்சலில் போட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால் அநேகமாக அங்கிருந்து இங்கேதான் திருப்பிவிடுவார்கள். பெயர் பொருந்தாமல் ஒதுங்கிக் கிடக்கும் ரிப்போர்ட்டை அவர்கள் கையால் தேடி எடுத்துச் சேர்க்க முடியும், புதிதாக ஒன்று அனுப்பினால் அதுவும் அதே குவியலில் போய்த்தான் விழும்.